கல்லில் நின்ற ஸ்வரமும் கம்பியில் அழுத ஸ்வரமும்

குடுமியான்மலைக்குப் போறவங்க பெரும்பாலும் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டு முன்னால் நிற்கிறவங்க கொஞ்சம் பேர்தான்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இந்தக் கல்வெட்டு, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பல்லவ கிரந்த எழுத்தில், 7 ராகங்களுக்கு 7 பகுதிகளாக ஸ்வரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ர, ரி, ரு, ரெ என்று நாலு உயிரொலிகளில் வருகிறது. ருத்ராசாரியரின் மாணவரான ஒரு அரசர் செய்வித்தது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று கடைசியில் ஒரு தமிழ் வரி இருக்கு. அதை நரம்புகளின் எண்ணிக்கை என்று பல ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பரிவாதினி என்ற வீணையின் பெயரும் அங்கே உண்டு. ஆக, மீட்டி வாசிக்கிற கருவிக்கான பாடம்.

ஸ்வரம் 1,300 வருஷமா அப்படியே இருக்கு. ஆனால் அதை அன்று எப்படி வாசித்தார்களோ, அப்படி இன்று யாராலும் வாசிக்க முடியாது. அப்போ எது தொலைந்தது?

இதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது பிரேசிலின் ஷோரோ இசையில். 1870கள் வாக்கில் ரியோ டி ஜனேரோவில் உருவானது. போல்கா, வால்ட்ஸ் மாதிரியான ஐரோப்பிய நடன மெட்டுகளை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தாளத்தில் வாசிக்கத் தொடங்கினார்கள். போர்த்துகீசிய மொழியில் 'ஷோரோ' என்றால் அழுகை. பெயர் வந்த விதம் பற்றி வேறு கருத்துகளும் உண்டு.

அதன் பெரிய மாண்டலின் கலைஞர் ஜகோப் டோ பாண்டோலிம் (1918–1969). நீதிமன்ற எழுத்தராகச் சம்பளம் வாங்கினவர். பழைய ஷோரோ இசைத்தாள்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். மாண்டலினில் ஒரு பெரிய சிக்கல்: மீட்டின ஒலி சீக்கிரம் செத்துவிடும். அதனால் நீண்ட ஸ்வரங்களில் ஜோடிக் கம்பிகளை விடாமல் அதிரவைப்பார். மெட்டைத் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் நிறுத்தி, அப்புறம் எட்டிப் பிடிப்பார். தாளில் இருப்பது ஸ்வரம் மட்டும். நம்மைக் கலங்க வைப்பது அந்தத் தயக்கம்.

ஜகோப் மறைந்த அதே 1969இல்தான் ஆந்திராவின் பாலகொல்லுவில் உ. ஸ்ரீனிவாஸ் பிறந்தார். கருவியே இருவருக்கும் பெயராகிப்போனது: 'டோ பாண்டோலிம்' என்றாலும் 'மாண்டலின்' என்றாலும் ஒன்றுதான். ஆனால் ஸ்ரீனிவாஸ் போனது எதிர்த் திசையில். ஜோடிக் கம்பிகளை இழுத்தால் சுருதி ஒன்றுக்கொன்று விலகும், கமகம் வராது. அதனால் ஒற்றைக் கம்பிகள் ஐந்து, கூடவே மின் ஒலிபெருக்கம். ஒலி நீண்டு நின்றது, கம்பியும் வளைந்து கொடுத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய குரு. செம்பையின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். அதாவது அவன் கற்றுக்கொண்டது விரல் வைக்கும் இடங்களை அல்ல, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழியை. மேற்கத்திய மெட்டுக்கட்டைக் கருவியில் கர்நாடக சங்கீதமா என்று தயங்கினவர்களையும் கடைசியில் கரைத்தது அந்த வழிதான்.

குடுமியான்மலையில் தொலைந்ததும் அதுதான்னு நினைக்கிறேன். ருத்ராசாரியர் பாடிக் காட்டியதை அந்த அரசர் கேட்டிருப்பார். கல்தச்சருக்குக் கிடைத்தது எழுத்து மட்டும். 2014இல், 45 வயதில் ஸ்ரீனிவாஸ் போனபோது நமக்குப் பதிவுகளாவது மிஞ்சின. அடுத்த முறை அந்தப் பாறைக்குப் போனால், அவர் வாசித்த ஆலாபனை ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பாருங்க.