வன்னியின் இடாப்புகளும் நூலகவியல் பட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வன்னியைப் பற்றி எழுத முனைபவர் எவரும் ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டைப் புரட்டாமல் தப்ப முடியாது. லூயிஸ் ஒரு சிவில் சேவை அதிகாரி. வன்னியின் ஊர்கள், குளங்கள், குடிகள், பயிர், வழக்கங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்தார். 1913 இல் இலங்கையின் கல்லறைகளிலும் நினைவுக் கற்களிலும் இருந்த எழுத்துகளைத் திரட்டிப் பட்டியல் நூலாக்கியவரும் அவரே. அரசின் கண் எதைத் தேடியதோ அதுவே அவருடைய கையேட்டில் அதிகம். வயலில் பாடிய பாட்டும் கோயில் முற்றத்தில் ஆடிய கூத்தும் அதில் முழுமையாக அடங்கவில்லை. அந்தக் குறையைப் பின்னர் நிரப்பியவர்கள் வேறு சிலர். 1960 இல் சி. எஸ். நவரத்தினம் வன்னியையும் வன்னியர்களையும் பற்றித் தனி நூல் எழுதினார். முள்ளியவளையின் முல்லைமணி நாடகத்திலும் கட்டுரையிலும் வன்னியின் வரலாற்றைத் தேடினார். மெற்றாஸ்மயில் நாட்டார் பாடல்களைத் திரட்டினார். இவர்களில் எவரையும் நாம் நூலகர் என்று நினைப்பதில்லை. ஆனால் திரட்டுவது, இனம் பிரிப்பது, பின்னால் வருபவர் கண்டெடுக்கும்படி வைப்பது ஆகிய மூன்றுந்தான் நூலகவியலின் அடிப்படை. வன்னியில் இந்தத் தொழில் நூலகக் கட்டடத்துக்குள் வாழ்ந்த காலம் குறைவு. கச்சேரியிலும் பாடசாலையிலும் கோயிலிலும் தனிமனிதரின் வீட்டு அலுமாரியிலும் வாழ்ந்ததே அதிகம். ஆகவே நூலகவியல் பட்டம் பெற்ற ஒருவர் பிரதேச சபை நூலகத்தின் வெற்றிடத்தை மட்டும் பார்த்துக் காத்திருப்பது, தன் தொழில் இந்த மண்ணில் நடந்து வந்த வழியின் பெரும்பகுதியைக் காணாமல் விடுவதாகும்.

இந்த அறிவுத்துறைக்கு இந்தியாவில் உருவம் கொடுத்தவரே வேறு துறையிலிருந்து வந்தவர். 1892 இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அதன் பிறகே இலண்டன் சென்று நூலகவியல் பயின்றார். 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933 இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். பொருள் ஒன்றைப் பல முகங்களாகப் பிரித்து, எந்த முகத்திலிருந்து தேடினாலும் அதை அடையச் செய்வதே அந்தப் பகுப்பின் உயிர். புத்தகத்துக்காக உருவான இந்தச் சிந்தனை புத்தகத்தோடு நிற்பதில்லை. கிளிநொச்சியில் ஒரு காணிக் கோவையை எண்ணிப் பாருங்கள். முதலில் அனுமதிப்பத்திரம் பெற்றவரின் பெயரால் ஒருவர் அதைத் தேடுவார். காணித் துண்டின் இலக்கத்தாலோ குடியேற்றத் திட்டத்தின் பெயராலோ வேறொருவர் தேடுவார். ஆண்டு மட்டும் தெரிந்து வருபவரும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே கோவை கையில் கிடைக்க வேண்டுமானால் அதை வைத்தவருக்குப் பகுப்பாக்கம் தெரிந்திருக்க வேண்டும். ரங்கநாதனின் அறிவு வடக்கிற்கு நேரடியாகவே வந்தது. க. மு. செல்லப்பா 1933 இல் தொடங்கிய முயற்சி யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தபோது ஆலோசனை கூறியவர்களில் ரங்கநாதனும் ஒருவர். 1959 இல் திறந்த அந்தக் கட்டடம் 1981 இல் எரிந்ததையும், சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதையும் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. அந்த நெருப்புக்குப் பிந்திய தலைமுறை என்ன செய்தது என்பதே இங்கு முக்கியம். யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்த என். செல்வராஜா புலம்பெயர்ந்து இங்கிலாந்தில் இருந்தபடி, 2002 முதல் ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை, தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில், வெளியிடத் தொடங்கினார். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் தமிழர் பற்றிய பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து நுண்படமாக்கினார். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. பட்டியலாளர், பதிப்பாளர், ஆவணகர், எண்ணிமமாக்குநர் என்று ஒரே அறிவு பல வேலைகளாகக் கிளைத்திருப்பதை இங்கே காண்கிறோம்.

வன்னி தன் ஆவணங்களை இழந்தது ஒரே இரவில் அல்ல. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்கள் வன்னியை நிறைத்தார்கள். 1996 இலும் 1998 இலும் கிளிநொச்சி கை மாறியது. 2008 இலிருந்து 2009 மே வரை வன்னியின் மேற்கிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை மக்கள் ஓடினார்கள். ஒவ்வொரு பெயர்விலும் பாடசாலையின் சேர்வு இடாப்பு, சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்பேடு, கோயில் கணக்கு, கிராம அலுவலரின் பதிவேடு, வீட்டுப் பெட்டியில் இருந்த காணி உறுதி எனக் காகிதங்கள் சிதறின. போர் முடிந்தபின் எவை மீண்டன என்று பார்த்தால் தெளிவான ஒரு பாடம் கிடைக்கிறது. பிறப்புப் பதிவின் இரண்டாம் பிரதி பதிவாளர் நாயகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்று சட்டமே விதித்திருந்தது. அதனால் வன்னியில் பத்திரம் தொலைந்தவர்களுக்கு உறுதிப்படுத்திய பிரதியைப் பெற வழி இருந்தது. பாடசாலைச் சேர்வு இடாப்புக்கு அப்படியொரு விதி கிடையாது. அது போனால் எந்த ஆண்டில் எந்த வகுப்பில் படித்தார் என்பதற்கு ஆதாரமும் போனது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம் கையில் இல்லாதவர், அலுவலகப் பேரேட்டில் தன் பெயர் எஞ்சியிருக்கிறதா என்பதையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. குண்டுக்கும் வெள்ளத்துக்கும் எதிராக இந்தப் பிரதேசத்தில் வென்ற ஒரே தற்காப்பு, வேறோர் ஊரில் இருந்த இரண்டாவது பிரதி. அதை எங்கே வைப்பது, எப்படிப் பெயரிடுவது, எந்த இடைவெளியில் புதுப்பிப்பது என்பவற்றை முறையாகக் கற்பிக்கும் படிப்பு நூலகவியலும் அதன் உடன்பிறப்பான ஆவணவியலுமே.

“படிப்பு நல்லதுதான், பதவி எங்கே?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உள்ளூராட்சி நூலகங்களில் ஆளணி அங்கீகாரம் கிடைப்பது மெதுவாகவே நடக்கிறது. நூலகர் வெற்றிடம் எண்ணிக்கையில் சிறியது. ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கையை வைத்து முழுத் துறையையும் அளப்பதுதான் தவறு. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் ஆகியவற்றில் உதவி நூலகர் என்பது கல்விசார் பதவி. மேற்படிப்பு முடித்தவருக்கு அங்கே ஆய்வும் கற்பித்தலும் திறந்திருக்கின்றன. பாடசாலை நூலக வள நிலையத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரிய நூலகர் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999 முதல் இயங்குவதன் நோக்கங்களில் அதுவும் ஒன்று. இவற்றைவிடப் பெரிய வாசலைத் திறந்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தன் பதிவேடுகளைப் பட்டியலிட்டுச் சுட்டி தயாரித்து வைத்திருக்க வேண்டும் என்று அதன் 7 ஆம் பிரிவு கடமை விதிக்கிறது. பட்டியலாக்கமும் சுட்டியாக்கமும் நூலகவியல் மாணவர் முதலாண்டிலேயே தொடும் பாடங்கள். பிரதேச செயலகம், வைத்தியசாலை, வலயக் கல்வி அலுவலகம் என்று சட்டம் தொடும் இடமெல்லாம் இந்தத் தேர்ச்சிக்கு வேலை இருக்கிறது. பதவியின் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்றோ தகவல் அலுவலர் என்றோ இருக்கலாம். செய்யும் வேலை ஒன்றுதான்.

வருடி வாங்கிக் கொடுத்தால் எவரும் செய்யலாமே, பட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. படம் பிடிப்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பத்தாயிரம் பக்கங்களை 1, 2, 3 என்று பெயரிட்டு ஒரு வன்தட்டில் போட்டுவிட்டால், அவற்றில் ஒன்றைத் தேடுபவர் பத்தாயிரத்தையும் திறக்க வேண்டியிருக்கும். வன்தட்டு பழுதானால் அதுவும் இல்லை. எந்தப் பக்கம் யாருடையது, எப்போது எழுதப்பட்டது, எதோடு தொடர்புடையது என்ற விவரணத் தரவு இல்லாத படம் தொலைந்ததற்குச் சமம். கைப்பேசித் தேடலை நம்பி நூலகரே வேண்டாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான் பொருந்தும். துணுக்காயின் ஒரு சனசமூக நிலையக் குறிப்பேட்டை எவரும் பட்டியலிட்டு ஏற்றாதவரை எந்தத் தேடுபொறியும் அதைக் காட்டப் போவதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வன்னி மக்களுக்குப் பட்டியல் என்றாலே அச்சம் வந்த காலங்கள் உண்டு. எல்லாத் தரப்பும் பெயர் பதிந்தது. முகாமிலும் சோதனைச் சாவடியிலும் பதிந்தது. பதிவில் இருப்பதால் ஆபத்து, இல்லாததால் ஆபத்து என்ற இரண்டையும் இந்த மக்கள் பட்டிருக்கிறார்கள். அப்படியான மண்ணில் இன்னும் கூடுதலாகப் பதிந்து வைப்பது நன்மையா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நான் இதைப் பயிற்சி பெற்ற கைகளுக்குச் சாதகமான வாதமாகவே பார்க்கிறேன். எதைச் சேர்ப்பது என்பதோடு எதைத் திறப்பது, எவருக்குத் திறப்பது, எத்தனை ஆண்டு மூடி வைப்பது, வாசகரின் தேடலை வெளியே சொல்லாதிருப்பது என்பவையும் இந்தத் தொழிலின் ஒழுக்கநெறிக்குள் அடங்கும். காணாமற்போனோரைத் தேடும் தாய்க்கு 2009 இன் ஒரு பெயர்ப்பட்டியல் கிடைக்க வேண்டும். அதே பட்டியல் இன்னொரு குடும்பத்தை அச்சுறுத்தப் பயன்படக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் காக்கும் விதியை எழுதுவது கடினம். அந்த வேலையைத் தற்செயலாக அந்த மேசைக்கு வந்த எழுதுவினைஞரிடம் விடுவது அவருக்கும் நீதியல்ல, அந்தத் தாய்க்கும் நீதியல்ல.

காலமும் நெருங்கி நிற்கிறது. 7 ஆம் பிரிவின்படி, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை அந்நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குக் குறையாமலும், பின்னர் உருவானவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பேண வேண்டும். சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் முகாம்களின் காலத்தையும் மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளையும் சேர்ந்த கோவைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இந்தச் சட்டம் உறுதியளித்த குறைந்தபட்சக் காலம் 2027 இல் முடிகிறது. 1973 ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டம் அதற்குப் பின்னும் பொருந்தும். ஆனாலும் ஓர் அலுவலகத்தின் அலுமாரியில் எந்தக் கோவை சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டியது, எது பிரதியெடுத்து மாவட்டத்திலேயே இருக்க வேண்டியது, எது கழிக்கத்தக்கது என்று முதலில் பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டச் செயலகங்களிலும் அந்தப் பொறுப்புக்கென ஒரு நூலகவியல் பட்டதாரியை அமர்த்த இப்போதே ஆளணி கேட்டு எழுதலாம்.