மறுவரையறை

'தொகுதிச் சீரமைப்பு' என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. சாலையைச் சீரமைக்கலாம், ஏரிக்கரையைச் சீரமைக்கலாம். சீர் என்றாலே முன்பைவிட நன்றாக்குவது. 2008-இல் ராசிபுரம் மக்களவைத் தொகுதி மறைந்து நாமக்கல் வந்ததை எந்த ராசிபுரத்துக்காரர் சீர் என்பார்? கபிலர்மலை சட்டமன்றத் தொகுதியும் போய் பரமத்திவேலூர் வந்தது. சங்ககிரிக்காரருக்குக் கலெக்டர் சேலத்தில், எம்.பி.யோ நாமக்கல்லுக்கு! 'மறுவரையறை'தான் நேர்மையான சொல். நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. 'வரை' என்றால் கோடு, எல்லை, மலையும்கூட; வரையாடு மலையில் வாழும் ஆடு. வரம்பும் வயல் வரப்பும் அதற்குச் சுற்றத்தார். இதற்கான ஆங்கிலச் சொல் 'டீலிமிடேஷ'னுக்குள் ஒளிந்திருக்கும் லத்தீன் 'லிமெஸ்'ஸும் வயல்களுக்கிடையே ஓடும் எல்லைப் பாதைதான் என்பது வேடிக்கை. சங்க அகப்பாடல்களில் 'வரைவு' திருமணம். இன்றைய அலுவலகத்தில் அது முடிவாகாத முன்வடிவு. குடிமக்கள் வாய் திறக்க இடமுள்ளதும் இந்த வரைவில்தான். 2002 மறுவரையறைச் சட்டப்படி மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வு நடத்த வேண்டும். ஆணையத்தில் இணை உறுப்பினராக உட்காரும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கே வாக்கு கிடையாது. ஆகவே எங்கள் ஊரை ஏன் பிரித்தீர்கள் என்று மனுவோடு வருபவரின் பேச்சு லேசானதல்ல. அரசிதழில் இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றப் படியேறியும் மாற்றுவது அரிது.