கோ ஆட்டமும் கணிப்பொறியும்

எங்கள் மூலக்குளத்துத் திண்ணைகளில் ஆடுபுலி ஆட்டம் ஆடியோர் அறிவர்: தனி ஆடு புலியை மடக்காது; பல ஆடுகள் கூடி வளைத்தல் வேண்டும். சீனத்தில் தோன்றிய கோ என்பதும் வளைத்துப் பிடிக்கும் ஆட்டமே. அதன் பலகையில் 361 சந்திகள் உள. ஆதலின் எல்லா வழிகளையும் எண்ணிப் பார்த்தல் எந்தக் கணிப்பொறிக்கும் இயலாது.

1968இல் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் அமைத்த நிரல், ஆட்டத்திற்குப் புதியவரையே வெல்ல வல்லதாயிருந்தது. பின்னர் வந்த ஆல்பாகோ, வல்லுநர் ஆட்டங்களைக் கண்டும் தன்னோடு தானே ஆடியும் பயின்று, 2016 மார்ச்சில் சியோலில் லீ செடோலை 4–1 என வென்றது. ஆயினும் நான்காம் ஆட்டத்தில் லீ வைத்த 78ஆம் காய் அதனைத் தடுமாறச் செய்தது. மனிதர் அங்ஙனம் வைப்பது பதினாயிரத்தில் ஒன்றே என அது மதித்திருந்தது!

தேர்வில் பழகாத கணக்கு வரின் அஞ்சாதீர். ஆங்கேதான் உங்கள் சிந்தனைக்கு வேலை பிறக்கிறது.