ஒரே ஒரு தடவை மட்டும்: தூரத்து சர்வரில் கெர்னல் மாற்றும் கதை

கொட்டாரத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மும்பையில் இருக்கும் சர்வருக்குப் புது கெர்னல் போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ரீபூட் கொடுத்தாயிற்று. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்... பதிலே இல்லை. பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துக் கிளப்பிவிடலாம். இதற்காக நாகர்கோவிலில் ரயில் ஏற முடியுமா?

கெர்னல்தான் இயங்குதளத்தின் உயிர்நாடி. அது எழுந்தால்தான் நெட்வொர்க். நெட்வொர்க் இருந்தால்தான் தூரத்திலிருந்து உள்ளே போக முடியும். சிக்கலே இதுதான்.

லினக்ஸ் 1991ல் வந்தது. அதை வட்டிலிருந்து எடுத்து ஓடவிடும் லிலோ என்ற பூட்லோடரை 1992ல் வெர்னர் ஆல்மஸ்பெர்கர் எழுதினார். லிலோவுக்கு ஃபைல் பெயரெல்லாம் தெரியாது. கெர்னல் வட்டில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று மட்டும் குறித்து வைத்திருக்கும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் பழைய இடத்திலேயே போய்த் தேடும். அவ்வளவுதான், கதை முடிந்தது!

ஆனால் அதே லிலோவில் ஒரு அருமையான வசதியும் இருந்தது. 'ஆர்' என்ற தேர்வோடு கட்டளை கொடுத்தால், "அடுத்த தடவை மட்டும் இந்தக் கெர்னல்" என்று குறித்துக்கொள்ளும். பூட் ஆகும்போது அந்தக் குறிப்பைப் படித்த கையோடு அழித்துவிடும். புதுசு விழுந்தால் மறுமுறை தானாகவே பழசு வரும். கெர்னல் விழுந்தால் வழக்கமாக அப்படியே உறைந்து நின்றுவிடும். 'பேனிக்=10' என்று முன்னாடியே சொல்லி வைத்தால் 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும். கன்னிப்பூவுக்குப் புது ரகம் விதைக்கிற நாஞ்சில்நாட்டு சம்சாரி பழைய விதைநெல்லை மொத்தமாக விற்றுவிடுவாரா என்ன?

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கெர்னல் நன்றாக எழுந்து, நெட்வொர்க் கார்டு மட்டும் வேலை செய்யாவிட்டால்? அது பேனிக் ஆகாது, சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அனுபவசாலிகள், பூட் ஆகி 15 நிமிஷத்தில் தானாக ரீபூட் ஆகும்படி எழுதி வைப்பார்கள். உள்ளே நுழைய முடிந்தால் அதை ரத்து செய்வார்கள்.

எரிக் போலின் 1995ல் தொடங்கிய க்ரப், ஃபைல்களைப் பெயர் சொல்லியே தேடும். இந்த 'ஒரு தடவை' வசதி க்ரப் 2லும் உண்டு. லிலோவின் வளர்ச்சி 2015ல் நின்றது.

ரீபூட்டே வேண்டாம் என்று நினைத்தவர் ஜெஃப் ஆர்னால்ட். எம்.ஐ.டி. மாணவர் (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்கா!). பயனாளர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போட்டார். அதற்குள் யாரோ சர்வருக்குள் புகுந்துவிட்டார்கள். அந்த வலியில் பிறந்ததுதான் 2008ல் வந்த கேஸ்ப்ளைஸ். ஓடுகிற கெர்னலையே ஒட்டுப்போட்டுத் திருத்தும். 2011ல் ஆரக்கிள் அதை வாங்கியது. 2015ல் வந்த லினக்ஸ் 4.0லேயே இப்படி ஒட்டுப்போடும் வசதி சேர்ந்தது. முழுக் கெர்னலையும் மாற்ற வேண்டுமானால் ரீபூட்தான்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டை, விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடும் அதன் டிரைவர் படித்துத் தடுக்கி விழுந்தது. சுமார் 85 லட்சம் கணினிகள் அடிவாங்கின. எழுவதும் விழுவதுமாகப் பல சுற்றிச் சுற்றி வந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஃபைலை அழித்தால் சரியாகிவிடும். ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினிக்கும் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. கோளாறான அப்டேட்டை 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் விழுந்துவிட்ட பல கணினிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியில்லை.