தூக்கத்தின் நீளமும் விழிப்பின் தேவையும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1849இல் சந்தைக்கு வந்தது 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்'. பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை அடக்கித் தூங்கவைக்கும் என்றன விளம்பரங்கள். தூங்கவும் வைத்தது, அதில் மார்ஃபின் இருந்தது. குடித்த குழந்தைகளில் சில கண் திறக்கவே இல்லை. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லி என்று கண்டித்த பிறகும் கடைகளில் விற்பனை நடந்தது.

இன்றும் சளி மருந்து கொடுத்துத் தூங்கவைப்போர் உண்டு. குழந்தை எத்தனை மணி நேரம் தூங்கியது என்பதை மட்டுமே அளந்தால், விழிக்கும் திறனைப் பறிக்கும் முறையும் வெற்றியாகவே தோன்றும்.

குப்புறப் படுக்கவைத்த வரலாறு இதற்கு வலுவான சான்று. அப்படிக் கிடக்கும் குழந்தை ஆழ்ந்து உறங்கும்; எளிதில் விழிக்காது. வாந்தி எடுத்தால் மூச்சடைக்காது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலே 1950களின் நடுவிலிருந்து அதைப் பரிந்துரைத்தது. ஆனால் மூச்சு தடைபடும்போது குழந்தை தலையைத் திருப்பி விழிக்க வேண்டும். அப்போது விழிக்கத் தவறுவதே, உறக்கத்தில் திடீரென நேரும் பல தொட்டில் மரணங்களின் காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மல்லாத்திப் படுக்கவைக்கும்படி பிரசாரம் நடந்தது. சில ஆண்டுகளிலேயே இம்மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. 1970 வாக்கில் கிடைத்த சான்றுகளையே ஒழுங்காகத் தொகுத்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரலேசியாவில் குறைந்தது 50,000 குழந்தைகளைக் காத்திருக்கலாம் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நெஞ்சைப் பதறவைக்கும் எண் அது.

ஆகவே இரவில் விழிப்பதை நோயாகக் கருதுவது தவறு. பெரியவர்களின் தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம்தான். சுற்று முடியும்போதெல்லாம் லேசாக விழிக்க வாய்ப்புண்டு. கனடாவில் 388 குழந்தைகளை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத வயதில் 38 விழுக்காட்டினர் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை. அதனால் அவர்களது வளர்ச்சி பின்தங்கவும் இல்லை. விடிய விடியத் தூங்குவதாகப் பெற்றோர் நம்பும் குழந்தைகளும் இடையில் விழிக்கின்றன என்பதை ஆய்வாளர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970களில் எடுத்த இரவு ஒளிப்பதிவுகள் காட்டின. அழாமல் தாமே மீண்டும் உறங்கிவிடுகின்றன, அவ்வளவே.

அப்படி மீண்டும் உறங்க உதவுவதுதான் பெற்றோரால் ஆகக்கூடியது. பகலில் நல்ல வெளிச்சமும் இரவில் இருட்டும் இருந்தால், இரண்டு மூன்று மாதங்களில் உருவாகும் உடற்கடிகாரம் நிலைபெறும். ஜோடி மிண்டெல் குழுவினர் 405 தாய்மாரிடம் நடத்திய 2009ஆம் ஆண்டு ஆய்வில் குளியல், உடல் நீவல், தாலாட்டு என ஒரே வரிசையை இரவுதோறும் பின்பற்றியபோது குழந்தைகள் விரைவில் உறங்கின, விழிப்பும் குறைந்தது. அப்போது குழந்தைச் சோப்பு விற்றுவந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நிதியளித்த ஆய்வு என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். எனினும் இம்முறையால் தீங்கேதும் இல்லை.

அழும் குழந்தைக்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழு 2022இல் சொன்ன வழி இன்னும் எளியது: ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், உறங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, பிறகே படுக்கவைக்க வேண்டும். 21 குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்த அவர்கள், மெத்தை தொடும்போது அல்ல, பெற்றவரின் உடலைவிட்டு விலகத் தொடங்கும்போதே துடிப்பு மாறுவதைக் கண்டார்கள்.