தகுதிப் பட்டியலுக்கு முன்னால்: திண்டுக்கல் பெண்களும் கருப்பை அகப்படலப் புற்றுநோய் ஆய்வுகளும்

1. வாதம்

கருப்பை அகப்படலப் புற்றுநோய்க்கான மருந்தாய்வில் யார் சேரலாம் என்பதை அந்த ஆய்வின் தகுதிப் பட்டியல் வரையறுக்கிறது. நோய் எந்த நிலையில் உள்ளது, முன்பு என்ன சிகிச்சை நடந்தது, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இயங்குகின்றன, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா என்று அது கேட்கும். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளின் விவரம் 2007 ஜூலையில் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எவரும் பார்க்கும்படி உள்ளது. முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பதிந்தாக வேண்டும் என்பது 2018 ஏப்ரல் முதல் அப்பதிவேட்டின் விதி. காகிதத்தில் இவ்வளவு வெளிப்படையாக இருந்தும், திண்டுக்கல் பேகம்பூரில் வாழும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இப்பட்டியல் எட்டாததாகவே இருக்கக்கூடும். பட்டியலின் முதல் கேள்வி வருவதற்குள் அவர் கடக்க வேண்டிய படிகள் பல. அவற்றுள் எதுவும் பட்டியலில் எழுதப்பட்டிருப்பதில்லை.

எழுதப்படாத அந்தப் படிகளே இந்நோயில் ஆய்வுப் பங்கேற்பைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான சான்றைத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்த வேறொரு பெரிய ஆய்விலிருந்து எடுக்கிறேன்.

2. அம்பிளிக்கை காட்டியது

ஒட்டன்சத்திரம் அருகேயுள்ள அம்பிளிக்கையின் கிறித்தவ ஐக்கிய சமூக நல மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு முதல் இம்மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கண்டறிதல் ஆய்வொன்றை நடத்தின. மாவட்டத்தின் 114 தொகுதிகளில் தற்செயல் ஒதுக்கீட்டு முறையில் 57 தொகுதிகளுக்குப் பரிசோதனை கிடைத்தது. எஞ்சிய 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்ந்தது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தறிவது முறை. பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்தனர்.

ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளியானது. பரிசோதனைத் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான 49,311 பெண்கள் இருந்தனர். 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைக்குப் பின், நோய் தோன்றும் வீதம் 25 விழுக்காடும் இறப்பு வீதம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

நம் கேள்விக்கு இந்த விழுக்காடுகளைவிட அந்த ஆய்வு நடந்த விதம் முக்கியமானது. பெண்ணின் ஊருக்கே செவிலியர் சென்றார். ஐயம் தோன்றியபோது உருப்பெருக்கிக் கருவிப் பரிசோதனையும் திசு எடுப்பும் அதே அமைப்புக்குள் கிடைத்தன. புற்றுநோய்ப் பதிவகம் மாவட்டத்தில் வேரூன்றியிருந்ததால், யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று பின்தொடர முடிந்தது. சோளக்காட்டிலும் நூற்பாலையிலும் வேலை பார்த்த பெண்கள் உலகம் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வின் பங்கேற்பாளரானது இந்த ஏற்பாட்டால்தான். கிராமத்துப் பெண்கள் ஆய்வுக்கு வரமாட்டார்கள் என்று இன்றும் சொல்வோருக்கு அந்த 31,343 பேரே பதில்.

3. பரிசோதனை கிடைக்காத 57 தொகுதிகள்

இந்த ஆய்வின் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். பரிசோதனை கிடைக்காத தொகுதிகளில் 30,958 பெண்கள் இருந்தனர். அவர்களுள் 92 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர். மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த இதேவகை ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் முறையே 98, 64 இறப்புகள். மூன்றையும் சேர்த்தால் 254. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எரிக் சூபா 2014இல் இந்திய மருத்துவ நெறியியல் இதழில் இதைக் கடுமையாகச் சாடினார். கருப்பைவாய்ப் பரிசோதனை உயிர் காக்கும் என்று உலகம் அறிந்திருந்தபோது, பரிசோதனையே தராத குழுவை வைத்தது தவறு என்பது அவர் வாதம். இந்தியாவில் அப்போது அமைப்புசார்ந்த பரிசோதனைத் திட்டமே இருக்கவில்லை, கண்ணால் பார்க்கும் எளிய முறை இறப்பைக் குறைக்கும் என்று அதுவரை நிறுவப்படவும் இல்லை என்பது ஆய்வாளர் தரப்பின் விடை.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் ஆய்வாளர் தரப்பின் விடையில் ஓர் அபாயம் இருக்கிறது. ஓர் ஊரில் மருத்துவ வசதி இல்லை என்பதையே ஒப்பீட்டுக்கான அளவுகோலாக ஏற்றுக்கொண்டால், வசதி எவ்வளவு குறைவோ அவ்வளவு எளிதாக அங்கே ஆய்வு நடத்தலாம் என்றாகிவிடும். அம்பிளிக்கையின் முறையைப் பின்பற்ற விரும்புவோர் அதன் ஒப்பீட்டுக் குழுவை அப்படியே பின்பற்றக் கூடாது.

4. அகப்படலத்தின் தனி வழி

கருப்பைவாய்க்கு வகுத்த வழி கருப்பையின் அகப்படலத்துக்குப் பொருந்தாது. அசிட்டிக் அமிலப் பரிசோதனையில் தெரிவது கருப்பைவாய் மட்டுமே. உள்ளே இருக்கும் படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் 'நெகட்டிவ்' என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண், தமக்குக் கர்ப்பப்பையில் எந்த நோயும் இல்லை என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அறிகுறி இல்லாத பொதுவான பெண்களுக்கு அகப்படலப் புற்றுநோயைக் கண்டறிய நிறுவப்பட்ட வெகுமக்கள் பரிசோதனை எதுவும் இல்லை. உடற்பருமன், நீரிழிவு, நீர்க்கட்டிச் சினைப்பை போன்றவை இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் 40 விழுக்காட்டினர் மிகை எடையினர் அல்லது உடற்பருமன் உடையோர். எனவே வருங்காலத்தில் இந்நோயின் சுமை இங்கே கூடும் என்று எதிர்பார்ப்பதே முறை.

பரிசோதனை இல்லையென்றாலும் இந்நோய் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மாதவிடாய் நின்றபின் இந்நோய்க்கு ஆளாகும் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு முதல் அறிகுறி உதிரப்போக்குதான். அப்படி உதிரம் கண்ட பெண்களில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினருக்கே இப்புற்றுநோய் இருக்கும். எனவே அச்சுறுத்தாமல், அதே சமயம் தள்ளிப்போடாமல் சோதிக்க வேண்டிய அறிகுறி இது.

பேகம்பூர் திண்டுக்கல்லின் பழைய முஸ்லிம் குடியிருப்பு. ஐவேளைத் தொழும் பெண்ணுக்கு உதிரம் மார்க்கச் சட்டத்தோடு தொடர்புடையது. வந்தது மாதவிடாயா, அதற்குப் புறம்பான இஸ்திஹாளாவா என்பதைப் பொறுத்துத் தொழுகையின் விதி மாறும். ஆகவே இங்கே உதிரம் கவனிக்கப்படாமல் போவது அரிது. இஸ்திஹாளா என்றால் ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்து தொழலாம் என்ற விடை கிடைத்ததும் கேள்வி அத்துடன் முடிந்துவிடலாம். மருத்துவக் கேள்வி எழாமலே போகலாம். பெண்களுக்கு மார்க்கம் கற்பிக்கும் ஆலிமாக்கள் 'தொழலாம், ஆனால் ஸ்கேனும் பாருங்கள்' என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால், எந்தச் சுவரொட்டியையும்விட அது தொலைவு செல்லும். எழுதப்படாத முதல் படி இது.

இரண்டாவது படி, கர்ப்பப்பை நீக்கம். உதிரப்போக்குக்குக் காரணம் காணாமலே கர்ப்பப்பையை எடுத்துவிடும் போக்கு நாட்டின் பல பகுதிகளில் உண்டு. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தடுக்கும்படி 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. முன்கூட்டியே திசு எடுத்துப் பார்க்காமல் செய்யும் அறுவையில் புற்றுநோய் பின்னரே தெரியவரும். அப்போது நிணநீர்க் கணுக்கள் பார்க்கப்பட்டிருக்க மாட்டா; நோயின் நிலை உறுதியாகத் தெரியாது. பல ஆய்வுகளில் நிலை தெரியாத நோயாளிக்கு இடமில்லை.

மூன்றாவது படி, திசு. சிறு நகரங்களில் வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலின் டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. ரிப்போர்ட் வந்ததும் அத்திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை யார் வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய ஆய்வுகளுக்கு அந்தக் கட்டிதான் நுழைவுச் சீட்டு.

5. மூலக்கூறு வகைப்பாடும் பயணமும்

2013இல் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் இந்நோயை நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்தது. 2023இல் பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு அந்த வகைப்பாட்டை நோய்நிலைக் கணிப்பிலேயே சேர்த்தது. சிகிச்சைக்கும் இவ்வகைப்பாடு முக்கியம். டோஸ்டார்லிமாப் மருந்தை வேதிச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்த ரூபி ஆய்வில், அவ்வகைகளுள் ஒன்றான டி.என்.ஏ. பிழைதிருத்தக் குறைபாடு உள்ள பெண்களில் இரண்டாண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தோர் 61.4 விழுக்காடு, வேதிச்சிகிச்சை மட்டும் பெற்றோரில் 15.7 விழுக்காடு. இந்தக் குறைபாட்டைக் கண்டறிய நான்கு புரதங்களுக்கான திசுச் சாயச் சோதனை போதும். அதற்கும் நன்றாகப் பதப்படுத்தப்பட்ட மெழுகுக் கட்டி வேண்டும்.

அந்த ஆய்வின் மருந்து அட்டவணையைப் பார்ப்போம். முதலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு சுற்று. பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மூன்றாண்டு வரை. முழுவதும் தொடரும் ஒருவர் மருந்தேற்றிக்கொள்ள மட்டும் ஏறத்தாழ 29 முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தனி. ஆய்வு மையம் சென்னையிலோ வேலூரிலோ இருந்தால், ஒவ்வொரு முறையும் ஓர் இரவுப் பயணம், துணைக்கு ஒருவர், அவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கலாம். இந்த இழப்பை அது ஈடுசெய்வதில்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஆய்வால் நேரும் பாதிப்புக்கு இலவசச் சிகிச்சையையும் இழப்பீட்டையும் உறுதிசெய்கின்றன. ஆய்வுக்குள் வந்தவருக்கு அது பாதுகாப்பு. வாசலை எட்டாதவருக்குப் பயனில்லை.

6. எத்தகைய ஆய்வு வேண்டும்

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். இங்கே குறைவது மருத்துவ சேவைதான். அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஆய்வு எதற்கு? இம்மறுப்பை ஏற்கிறேன். மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்ட பெண்ணுக்கு ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் கிடைப்பது உரிமை. அது கிடைக்காத குழு எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் அச்சேவையை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது விடை தெரியாத கேள்வி. செவிலியர் வீடுதேடிக் கேட்பதா, நகர ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மயக்க மருந்தின்றி மெல்லிய உறிஞ்சுகுழாயால் திசு எடுப்பதா, எல்லோரையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதா? 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2021 முதல் வீடுவீடாகச் செல்லும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இருக்கும்போது, இக்கேள்வியை இங்கேயே சோதிக்க முடியும்.

அதற்குப் படிநிலை வடிவ ஆய்வு ஏற்றது. எல்லாத் தொகுதிகளுக்கும் புதிய ஏற்பாடு போய்ச் சேரும். எந்தத் தொகுதிக்கு முதலில், எதற்கு அடுத்து என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கும். ஒரே நாளில் எங்கும் தொடங்க இயலாத திட்டத்துக்கு இந்த வரிசை எப்படியும் தேவை. காத்திருக்கும் தொகுதிகளிலும் உதிரம் கண்டு வரும் பெண்ணுக்கு முழுச் சோதனை உண்டு. இதனால் மூன்றாம் பகுதியில் எழுப்பிய நெறிச் சிக்கல் பெருமளவு நீங்கும்.

எதை அளப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். அம்பிளிக்கை ஆய்வின் இரு குழுக்களிலும் சேர்ந்து 80,269 பெண்கள் இருந்தும் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தோர் 175 பேர். அகப்படலப் புற்றுநோய் இங்கே அதைவிட அரிது. இறப்பை இலக்காக வைத்தால் ஒரு மாவட்டம் போதாது. முதல் உதிரத்திலிருந்து திசு முடிவு வரை எத்தனை நாள், நோய் எந்த நிலையில் தெரிந்தது, அறுவைக்கு முன் திசு எடுக்கப்பட்டதா, புரதச் சோதனை நடந்ததா என்பவையே அளக்கத்தக்கவை. இவை ஒவ்வொன்றும் மேலே கண்ட எழுதப்படாத படிகளைத் தொடுபவை.

மருந்தாய்வுகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆய்வு மையங்கள் தேடும் நோயாளிகளை உருவாக்குவது இதன் நோக்கமன்று. ஆனால் உரிய காலத்தில் நோய் கண்டறியப்பட்டு, நிலை உறுதியாகி, திசுக் கட்டி கையில் உள்ள பெண்ணுக்கு மருந்தாய்வில் சேரவும் சேர மறுக்கவும் உண்மையான தேர்வு கிடைக்கும். இப்போது அவருக்கு இரண்டும் இல்லை.

7. முடிவு

ஆய்வுப் பங்கேற்பை விரிவாக்க வேண்டும் என்போர் பொதுவாகத் தகுதி நிபந்தனைகளைத் தளர்த்தவும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எளிமையாக்கவும் கோருகிறார்கள். இரண்டும் தேவைதான். எனினும் இந்நோயில் இழப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே அகப்படலப் புற்றுநோய் ஆய்வுக்குத் தமிழகத்தில் பணம் ஒதுக்கும் எந்த நிறுவனமும் மூன்று நிபந்தனைகளை முன்வைக்க வேண்டும்: உதிரப்போக்கைச் சோதிக்கும் வழி மாவட்ட அளவில் இயங்க வேண்டும்; கர்ப்பப்பை நீக்கத்துக்கு முன் திசுப் பரிசோதனை நடந்து, மெழுகுக் கட்டி நோயாளியின் பெயரில் பாதுகாக்கப்பட வேண்டும்; பயணமும் கூலி இழப்பும் ஆய்வுச் செலவில் எழுதப்பட வேண்டும். செவிலியரை ஊருக்கு அனுப்பி, பதிவகத்தை மாவட்டத்தில் வைத்து, பல்லாயிரம் பெண்களை ஆய்வுக்குள் கொண்டுவர முடியும் என்பதைத் திண்டுக்கல் முன்பே நிரூபித்தது. அதே திறனை ஒருவரையும் வெறுங்கையோடு விடாமல் பயன்படுத்துவது இனிச் செய்ய வேண்டிய வேலை.