வெடிவைக்கத் தெரிந்தவனும் சான்றிதழ் வைத்திருந்தவனும்

படிப்பு என்பது பள்ளிக்கூடத்துக்குள்ளே மட்டும் நடக்கிற காரியம் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நம்மை விடாதவர்களும் அவர்களேதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சான்றிதழ் என்கிற காகிதத்தின் அரசியல் புரியும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் வரலாற்றை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

1911இல் அங்கே வந்த சுரங்கச் சட்டத்தின் விதிகள், வெடிவைக்கும் தகுதிச் சான்றிதழை நிறம் பார்த்துக் கொடுத்தன. 1923இல் நீதிமன்றம் அவ்விதிகள் செல்லாது என்றது. ஆண்டைகள் சும்மா இருப்பார்களா? 1926இல் சட்டத்தையே திருத்தினார்கள். வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் சான்றிதழ் உண்டு; ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் கிடையாது.

அந்த 'ஆசியர்' யார்? 1860 முதல் 1911 வரை நடாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பதிவேட்டில் சாதியும் எழுதப்பட்டது. பறையர் என்ற பெயரும் அதில் இருக்கிறது. கரும்புக்காட்டுக்குப் போன கூலிகளோடு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்களும் உண்டு. 1913 வேலைநிறுத்தம் நியூகாசில் சுரங்கங்களில்தான் மூண்டது.

சட்டம் ஒருபக்கம் இருக்க, பூமிக்கடியில் நடந்தது வேறு. கூரைப் பாறையைத் தட்டி, சத்தத்தை வைத்தே நிக்குமா விழுமா என்று சொன்னவர் கறுப்புத் தொழிலாளி. துளை போட்டவர் அவர். புதுசா வந்தவனுக்குக் கத்துக்கொடுத்தவரும் அவர்தான். அவருக்குப் பெயர் 'பாஸ் பாய்'. தலை நரைத்தாலும் பாய்தான்! காகிதம் வைத்திருந்த வெள்ளையனுக்கே பெரிய சம்பளம். 1987இல்தான் இந்த நிறத்தடை சட்டத்திலிருந்து நீங்கியது. இதற்கிடையில், 1953இல் வந்த பாண்டுக் கல்விச் சட்டம் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குக் கூலிவேலைக்கு வேண்டிய அளவு படிப்புப் போதும் என்று வைத்தது.

ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சா, செய்து கற்ற வேலையைப் படிப்பாக ஏற்க வேண்டும் என்று கேட்டது, சலுகை கேட்டதல்ல. களவு போனதைத் திருப்பிக் கேட்டது. 1995இல் வந்த தகுதி ஆணையச் சட்டம், கடந்தகாலப் பாகுபாட்டைச் சரிசெய்வதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதியது. 2008இல் வந்த சட்டமும் அந்த நோக்கத்தைக் கைவிடவில்லை. நிறம் பிரிக்கவென்றே 1960இல் தொடங்கப்பட்ட வெஸ்டர்ன் கேப் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். பள்ளி முடிக்காதவர்களும் தம் உழைப்பின் அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி அங்கே பட்டப்படிப்பில் சேர வழியுண்டு.

இத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2016இல் உயர்கல்வி மன்றம் வகுத்த கொள்கை, ஒரு பாடப்பிரிவில் இப்படிச் சேர்கிறவர்கள் பொதுவாக நூற்றுக்குப் 10 பேரைத் தாண்டக்கூடாது என்கிறது. கோப்பை எழுத வேண்டியதோ பல்கலைக்கழகத்தின் பாஷையில். பாறையின் சத்தம் தெரிந்தவர் அதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினால்தான் அறிவு. எழுதத் தெரியலேன்னா? அனுபவம் மறுபடியும் வெறும் உழைப்பாகிவிடுகிறது.

அனுபவத்துக்கு மதிப்பெண் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. எந்த பாஷையில் கேள்வி? மதிப்பெண் போடுகிற நாற்காலியில் யார்? அந்த வேலையைச் செய்தவர்களும் அங்கே உட்கார வேண்டும். அதுவரை பழைய பூட்டு, சாவி மட்டும்தான் புதுசு.